பொட்டு வைத்த பென்டிரைவ்

அத்தியாயம் 3

"திருடுனவன் பொட்டு வெச்சுட்டுப் போயிருக்கானுங்க" என்றாள் மேகலா.

மாதேஷ் துப்பறியும் தொழிலுக்கு வந்து வருடம் பல ஆகிவிட்டது. துப்பறிவது சிவசக்தி, அவளுக்குப் பின்னால் பை தூக்குவது மாதேஷ். இருந்தாலும் தொழில் தொழில்தானே. பீரோவை உடைத்தவனைப் பார்த்திருக்கிறான். உடைத்த வீட்டிலேயே சோறு போட்டுத் தின்றுவிட்டுத் தூங்கியவனையும் பார்த்திருக்கிறான். திருடிய இடத்தில் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்துவிட்டுப் போன பக்திமானை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறான்.

"சூடம் காட்டலீங்களா?" என்று கேட்டான்.

"மாதேசு" என்றாள் சிவசக்தி. அந்த ஒரு சொல்லில் வாயை மூடு என்பதும் அடக்கம்.

சேலம் ஐந்து ரோட்டில் சிவசக்தியின் பெயரைச் சொன்னால் சீட்டுக் கம்பெனி நடத்தி ஓடிப்போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது மாதேஷ்தான். அப்பேர்ப்பட்டவளை ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் சேர்ந்து புரட்டி எடுத்திருந்தன. கரடியூரில் மேகலா வீட்டு நாற்காலியில் சாய்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தாள். கண் மட்டும் மேசை மேல் கிடந்த கறுப்பு பென்டிரைவை விட்டு நகரவில்லை. அதன் தலையில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"மொதல்ல இருந்து சொல்லு கண்ணு. எனக்குக் கம்ப்யூட்டர்னா கரண்ட் பில் கட்டற வரைக்குந்தான்."

மேகலா எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். முப்பது வயதிருக்கும். காலையிலிருந்து அழுததில் முகம் வீங்கியிருந்தது. டிவிக்குக் கீழே இருந்த பழைய கேம் கன்சோலைக் காட்டினாள்.

"கம்பெனி குடுக்குற கேம் மட்டுந்தான் இதுல ஓடுமுங்க. நான் அதத் தொறந்து உட்டு, நாமளா ஊட்டுல எழுதற கேமும் ஓடற மாதிரி பண்ணி வெச்சிருக்கறேன். எழுதுன கேமை பென்டிரைவ்ல போட்டுச் சொருகோணும். அதையும் சும்மா சொருகுனா எடுத்துக்காது. மொதல்ல எல்லாத்தையும் அழிச்சு, பழைய வகையில ஃபார்மட் பண்ணி, அது கேக்குற பேர்லயே ஃபோல்டர் போட்டாத்தான் கண்ணு முழிச்சுப் பாக்கும்."

"எங்க மாமனாரும் அப்படித்தானுங்க. முறையாக் கூப்புடாட்டிப் பந்தில உக்கார மாட்டாரு" என்றான் மாதேஷ்.

மேகலா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. இரண்டு வருடமாக எஸ்டேட் ஆபீஸில் பகலெல்லாம் அடுத்தவர் கணக்கைத் தட்டச்சு செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு கேம் எழுதியிருக்கிறாள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். மேலே பலாப்பழ மூட்டை சரியும், ஜன்னலில் ஒருவர் வாந்தி எடுப்பார், எதிரே டூரிஸ்ட் கார்க்காரன் நடு ரோட்டில் நின்று செல்ஃபி எடுப்பான். இதைக் கேள்விப்பட்டு, ரிசார்ட் நடத்தும் ஃபெபி மேடம் தன் ரிசார்ட்டில் பிள்ளைகள் விளையாடும் அறைக்கு ஐந்து கன்சோல் வாங்கி வைத்திருக்கிறாள். இன்று பிற்பகல் மேகலா அங்கே போய் ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் கேம் அங்கே இருக்கும். இல்லாவிட்டால் சேலத்து ஆள் ஒருவன் சுட்டுத்தள்ளும் கேம்களோடு காத்திருக்கிறான்.

"காப்பி எதும் இல்லியா கண்ணு?"

"லேப்டாப்ல இருந்துச்சுங்க. ஐப்பசி மழையில இடி உழுந்து அது போயிருச்சு. இப்ப இருக்கறது எங்க நாத்தனாரோடது. கேமும் சரி, நான் எழுதுன புரோகிராமும் சரி, எல்லாம் அந்த ஒரே பென்டிரைவ்லதான். வேற வாங்கி ஒன்னு எடுத்து வெக்கோணும்னு நெனச்சுட்டே இருந்தனுங்க."

நினைத்துக்கொண்டே இருப்பதில் மாதேஷுக்கும் நல்ல அனுபவம் உண்டு.

ரிசார்ட்டுக்காக வாங்கிய புது பென்டிரைவ்கள் ஐந்தும் பழையதைப் போலவே கறுப்பு, அதே கம்பெனி. குழம்பக் கூடாதே என்று மேகலா அடையாளம் வைத்திருந்தாள். பழையதில் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு இருந்தது. பொட்டு உள்ளது பழசு, பொட்டில்லாதது புதுசு. நேற்று வெள்ளிக்கிழமை மாலை பொட்டுள்ளதைத் தனியாக ஒரு டம்ளரில் எடுத்து வைத்துவிட்டு, மற்ற ஐந்தையும் வரிசையாக அழித்து கன்சோலுக்குத் தயார் செய்தாள். காலையில் பொட்டுள்ளதைச் சொருகினாள். கன்சோல் கண்டுகொள்ளவே இல்லை. லேப்டாப்பில் போட்டாள். உள்ளே ஒன்றுமில்லை.

"கடையில இருந்து வந்த மேனிக்கே இருக்குதுங்க. என்னோடத எடுத்துட்டு, அதே மாதிரி புதுசு ஒன்ன வெச்சு, நான் ஏமாறோணும்னு பொட்டும் வெச்சிருக்கான்."

"யாரு?"

"ஒண்டிக்கடையில மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கற சுப்பிரமணிதானுங்க. தை மாசம் கன்சோலுக்கு ஃபேன் மாத்துனப்ப, ஓட்டிப் பாக்கோணும்னு அவருகிட்ட பென்டிரைவையும் குடுத்துட்டு மார்க்கெட்டு வரைக்கும் போயிட்டு வந்தேன். அன்னில இருந்து ஒரு காப்பி குடு, காப்பி குடுன்னு ஒரே தொல்லை. நேத்துக்கூட இங்க வந்து உக்காந்து கேட்டாரு. நான் முடியாதுன்னுட்டு டீ வெக்க உள்ள போனேன். அதுக்குள்ளதான் மாத்திருக்கோணும். காலைல போயி அவரு கடை முன்னால நின்னு, திருடான்னு சனம் பூரா கேக்கக் கத்திட்டு வந்தனுங்க."

சிவசக்தி பென்டிரைவைக் கையில் எடுத்து, பொட்டின் மேல் சுண்டு விரலால் தொட்டாள். விரலில் சந்தனம் ஒட்டியது. அதை மாதேஷின் மூக்குக்கு நேராக நீட்டினாள். கமகமவென்று இருந்தது.

"ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு சித்திரை வரைக்கும் மணக்காது" என்றாள்.

வாசலில் நின்றிருந்த மேகலாவின் கணவன் சென்றாயன் தலையை ஆட்டி ஆமோதித்தான். ஒண்டிக்கடைக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். சேலத்துக்கு போன் போட்டு இவர்களை வரவழைத்தவனும் அவன்தான். போலீஸில் சொன்னால் பென்டிரைவுக்கா கேஸ் என்று சிரிப்பார்கள், பொண்டாட்டி அழுவதையும் பார்க்க முடியவில்லை என்று போனிலேயே தழுதழுத்தவன்.

"ஏனுங்க மேடம், அந்தச் சுப்பிரமணிய உடக்கூடாதுங்க. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

ஜீப்பில் முன் சீட்டில் மாதேஷ் ஏறினான். எதிரே ஸ்டியரிங்குக்குப் பொட்டு. கியர் கம்பிக்குப் பொட்டு. ஹாரனுக்கு, கண்ணாடிக்கு, முதலுதவிப் பெட்டிக்கு, பின்னால் தொங்கிய ஸ்டெப்னிக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு.

"அண்ணா, இந்த வண்டில அசையாம உக்காந்திருந்தா எங்களுக்கும் வெச்சிருவீங்க போல."

"வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை தவறாம வெச்சிருவேனுங்க. மலை ரோடு பாருங்க" என்றான் சென்றாயன். "ஆனா ஒன்னுங்க. நெச ரோட்டுல கண்ண மூடிட்டு ஓட்டற நானு, இவ எழுதுன கேம்ல ஏழாம் வளைவு தாண்டுனதில்ல. பள்ளத்துல உட்டுருவேன். கடேசிக்குப் போறதுன்னா மாசக்கணக்குல பழகோணுமாம். அவளத் தவிர ஒருத்தரும் போனதில்லைங்க."

பின் சீட்டில் சிவசக்தி பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று மாதேஷ் நினைத்தான். அவன் அவளைப் பற்றித் தப்பாக நினைக்கிற பல விஷயங்களில் இதுவும் ஒன்று.

சுப்பிரமணி கடையில் தனியாக, கோபமாக உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி ஒரு போனின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தான்.

"சேர்வராயன் சாமி மேல சத்தியமாச் சொல்றேனுங்க. நேத்து அந்த ஊட்டுல டீயக் குடிச்சனே தவிர ஒரு துரும்ப எடுக்கல. இந்த ரோட்டுல இருபது வருசமா கடை வெச்சிருக்கறேன். ஒரு பொம்பளப்புள்ள வந்து திருடாங்குது. எஞ்சம்சாரம் கவிதா காலைல இருந்து எம் மொகத்தப் பாத்துப் பேசல."

"கோவிச்சுக்காதீங்க தம்பி" என்றாள் சிவசக்தி. பையிலிருந்து தன்னுடைய பென்டிரைவ் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இத அந்த மாதிரி கன்சோலுக்குத் தயார் பண்ணித் தர முடியுமா?"

சுப்பிரமணி முனகிக்கொண்டே வாங்கிக் கம்ப்யூட்டரில் சொருகினான். எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர் கேட்டது. "பரவால்லியாங்க?" என்று அவனும் ஒரு தடவை சிவசக்தியைக் கேட்டுக்கொண்டான். அழித்து, பழைய வகையில் ஃபார்மட் செய்து, ஃபோல்டர் போட்டு, மாதேஷ் வாயைத் திறப்பதற்குள் கையில் கொடுத்துவிட்டான்.

"நல்லா வருதே. அந்தக் கேம் எப்படி இருந்துச்சு?"

"கேமா அது? ஒரு வளைவுல கொரங்கு வந்து பஸ்ஸுல ஏறி டிக்கெட் கேக்குதுங்க. கொரங்கு எங்கயாச்சும் டிக்கெட் கேக்குமா? அதுவும் பதினெட்டாம் வளைவுல, எல்லாரும் எறங்கற நேரத்துல. இதப் போயி எவனாச்சும் திருடுவானா?"

சிவசக்தி தலையசைத்துவிட்டு வெளியே வந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜீப்பில் சென்றாயன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆளப் புடிச்சாச்சுங்க மேடம்" என்றான் மாதேஷ், கையைத் தேய்த்தபடி. "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கை நொம்ப வேகம்."

"அதுதான் இடிக்குது. மேகலா ஏமாறோணும்னு பொட்டு வரைக்கும் வெச்சவன், கண்ணு சிமிட்டற நேரத்துல முடியற அந்த ஃபார்மட்ட ஏன் பண்ணல? கடையில வாங்குன மேனிக்கு வெச்சுட்டுப் போனா, சொருகுன ஒடனே தெரிஞ்சிரும்னு சுப்பிரமணிக்குத் தெரியாதா?"

மாதேஷ் யோசித்தான். யோசிக்கும்போது அவன் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

"இது பொட்டு வெக்கத் தெரிஞ்ச ஆளோட வேலை. ஆனா அந்த ஆளுக்கு ஃபார்மட்னா என்னன்னே தெரியாது" என்றாள் சிவசக்தி. அவள் பார்வை ரோட்டைத் தாண்டிப் போயிற்று. மாதேஷும் பார்த்தான். சென்றாயன் கண்ணாடியைத் துடைத்து முடித்து, பொட்டு அழிந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயையோ" என்றான் மாதேஷ். "நம்மள வரச்சொன்னதே அவருதானுங்களே."

மூவரும் கரடியூருக்குத் திரும்பினார்கள். சென்றாயன் சுப்பிரமணியை என்னென்ன செய்ய வேண்டும் என்று வழியெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டு வந்தான்.

"கண்ணு, நேத்து நீ தயார் பண்ணுன அஞ்சையும் எடுத்துட்டு வா" என்றாள் சிவசக்தி.

மேகலா எடுத்து வந்தாள். சிவசக்தி ஒவ்வொன்றின் மூடியையும் கழற்றி, சொருகும் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நான்கு தகடுகள் பளிச்சென்று இருந்தன. ஐந்தாவது தகடு முழுக்கக் கீறல், ஓரமெல்லாம் தேய்ந்து மங்கிப்போயிருந்தது. நேற்று பிரித்த பென்டிரைவ் இப்படி இருக்காது. இரண்டு வருடமாகத் தினமும் சொருகிப் பிடுங்கியது இப்படித்தான் இருக்கும்.

மேகலா அதைக் கையில் வாங்கினாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் இந்த மேசைக்கு வந்தீங்களா தம்பி?" என்று சிவசக்தி சென்றாயனைக் கேட்டாள்.

"வந்தனுங்க. சந்தனம் மிச்சம் இருந்துச்சு. நாளைக்கு வெளிய போற சாமான், நல்லபடியாப் போகட்டும்னு இதுகளுக்கும் வெக்கலாம்னு வந்தேன். பழைய பொட்டு ஒன்னு காஞ்சு கெடந்துச்சு. அத ஈரத்துணி போட்டுத் தொடச்சேன். பழசு மேல புதுசு வெக்கக் கூடாதுங்களே. அதுக்குள்ள வண்டில சனம் ரொம்பிருச்சு, போகலாம் வான்னு கத்துனாங்க. சரி, கைக்குக் கெடச்ச ஒன்னுக்கு வெச்சா எல்லாத்துக்கும் வெச்ச மாதிரிதான்னு..."

அவன் பேச்சு பாதியில் நின்றது. பொண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டான்.

பொட்டு இடம் மாறியிருந்தது. பொட்டு கிடைத்த புதுசை மேகலா பத்திரமாக டம்ளரில் எடுத்து வைத்தாள். பொட்டு இழந்த பழசைப் புதுசோடு புதுசாக அழித்தாள். எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், பொட்டை நம்பி, பரவாயில்லை என்று அவளே அழுத்தியிருக்கிறாள்.

"அழிச்சதத் திரும்ப எடுக்க முடியாதா?" மாதேஷ் முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல் கேட்டான்.

"மேலாக்க அழிச்சிருந்தா எடுக்கலாமுங்க. கன்சோல் தகராறு பண்ணக் கூடாதுன்னு ஒவ்வொன்னையும் முழுசா அழிச்சேன்." மேகலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தானுங்க அழிச்சேன். எங்கையாலயே அழிச்சேன்."

சென்றாயன் அவள் பக்கத்தில் போய் நின்றான். தொடலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. திருடன் ஒருவன் இருந்திருந்தால் தேவலை என்று மாதேஷுக்கு அப்போதுதான் பட்டது. திருடனிடமிருந்து பொருளைத் திரும்ப வாங்கலாம்.

"கண்ணு," என்றாள் சிவசக்தி, "பதினெட்டாம் வளைவுல கொரங்கு டிக்கெட் கேக்குமா?"

மேகலா நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுப்பிரமணி சொன்னாரு. ஒரு ஆளு நல்லாப் பழகி அவ்வளவு தூரம் போறதுக்கு எத்தன நாளாகும்?"

"மூணு மாசமாச்சும்..." என்ற மேகலா, பேச்சை முடிக்காமல் எழுந்து நின்றாள். மார்க்கெட்டுக்குப் போய் வரும் நேரத்தில் யாரும் பதினெட்டாம் வளைவுக்குப் போக முடியாது. சொந்தமாக ஒரு காப்பியும் கன்சோலும் வைத்து, தை மாதத்திலிருந்து தினமும் ஓட்டியவன்தான் போயிருக்க முடியும்.

ஜீப் ஒண்டிக்கடைக்குப் பறந்தது. பாதி வழியில் சிவசக்தி எலுமிச்சம்பழத்தையே கடித்துவிட்டாள்.

மேகலாவைப் பார்த்ததும் சுப்பிரமணி கடை ஷட்டரில் கை வைத்தான்.

"மறுக்கா கத்த வந்தீங்களா? நான் எடுக்கலைன்னா எடுக்கல. சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன்."

"எங்களுக்கும் தெரியுமுங்க. நேத்து நீங்க எதுவுமே எடுக்கல" என்றான் மாதேஷ். "நேத்துக்குத்தான சத்தியம் பண்ணுனீங்க? தை மாசத்தப் பத்திச் சாமி கேக்கலீங்களே?"

சுப்பிரமணி முகம் வெளுத்தது. "என்ன தை மாசம்? எனக்கு ஒன்னும் தெரியாது. நான் யோக்கியனுங்க."

அவன் யோக்கியனாக இருந்துவிடுவானோ என்று மாதேஷுக்குப் பயம் வந்துவிட்டது. மேகலா முன்னால் வந்தாள். காலையில் கை நீட்டித் திட்டியவள், இப்போது அதே கையைக் கூப்பினாள்.

"அண்ணா, நீங்க திருடிருக்கோணும்னு வழி பூரா சாமிய வேண்டிட்டு வந்தனுங்க. இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க."

சுப்பிரமணி அவளையும் சிவசக்தியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"காப்பி எடுக்கறதெல்லாம் திருட்டாம்மா? உன்னோடது உன்கிட்டயேதான இருந்துச்சு? எடுத்தது மனசுல உறுத்துச்சு, அதான் நீயாக் குடுன்னு கேட்டுட்டே இருந்தேன்."

"இப்ப எங்கிட்ட இல்லீங்ண்ணா. நானே அழிச்சுட்டேன்."

சுப்பிரமணி உள்ளே போய், சார்ஜர் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து வந்து கம்ப்யூட்டரில் போட்டான். மேகலா குனிந்து பார்த்தாள். கேம் இருந்தது. அதற்குக் கீழே, தை மாதம் வரை அவள் எழுதிய புரோகிராம் ஒரு வரி குறையாமல் இருந்தது. அவசரத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்க்காமல் மனுஷன் மொத்தத்தையும் அள்ளியிருக்கிறான். மேகலா வாய்விட்டு அழுதாள்.

அவள் கை நீட்டியபோது சுப்பிரமணி பென்டிரைவைப் பின்னுக்கு இழுத்தான்.

"தர்றேன். ஆனா காலைல இதே எடத்துல, பஸ்ஸுக்கு நின்ன சனம் பூரா கேக்கத் திருடான்னு சொன்னீங்க. எஞ்சம்சாரம் காதுல உழுந்துச்சு. அதே எடத்துல நின்னு, நான் திருடன் இல்லைன்னு சொல்லோணும்."

மாதேஷ் சிவசக்தியைப் பார்த்தான். காலையில் இந்த ஆள் திருடன் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. இப்போது ஆதாரம் அவன் கையிலேயே இருக்கிறது. "மேடம், இது எந்த ஊரு நியாயமுங்க?" என்று ஆரம்பித்தவனின் தோளில் சிவசக்தி அழுத்திக் கிள்ளினாள்.

மேகலா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பென்டிரைவை வாங்கி உள்ளங்கையில் இறுக மூடிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள். மஞ்சக்குட்டை பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கடை, டீக்கடை, கடைக்கு மேல் மாடி ஜன்னலில் நின்ற கவிதா, எல்லோரும் பார்த்தார்கள்.

"சுப்பிரமணி அண்ணன் திருடன் இல்லீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்! அடுத்தவங்க பொருள ஒரு நாளும் தொடாத மனுசன்! அவரு நல்லா இருக்கோணும்!"

கடைசி இரண்டையும் சொல்லச்சொல்லி அவன் கேட்கவே இல்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டாள்.

சென்றாயன் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு வந்து நிறுத்த, அவள் ஓடிப்போய் ஏறினாள். ரிசார்ட்டுக்குப் போய்ச் சேர இன்னும் நேரம் இருந்தது. மாதேஷ் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சுப்பிரமணி படியில் நின்று சட்டை ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை அவனே நம்பிவிட்டான் போலிருந்தது.